சொல்லும் கடமையும் சொல்பவள் காப்பும்

பிரான்சு நாட்டு நாடகாசிரியர் இயூஜின் பிரியே 1901ஆம் ஆண்டிலே ஒரு நாடகம் எழுதினார். 'பழுதுற்றோர்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்நாடகத்தைப் பாரிசு நகரில் மேடையேற்றத் தணிக்கை அதிகாரிகள் முதலில் இடங்கொடுக்கவில்லை. கதை எளியது. கிரந்தி எனப்படும் சிபிலிசு நோய் கொண்ட இளைஞன் ஒருவன் வைத்தியரிடம் வருகிறான். நோய் தீரச் சில ஆண்டுகள் செல்லும், அதுவரை விவாகஞ் செய்தல் ஆகாது என்கிறார் வைத்தியர். இளைஞன் அதனைக் கேளாமல் மணம் முடிக்கிறான். பிறந்த குழந்தையிடம் நோய் தோன்றுகிறது. மனைவியோ எல்லார்க்கும் பின்னரே உண்மையை அறிகிறாள். அதுவும் கணவன் வாய்மொழியாக அன்று. நாடகத்தில் வரும் வைத்தியர் யாவும் அறிந்தவர். ஆயினும் நோயாளியின் இரகசியத்தை வெளியிடும் வைத்தியரைத் தண்டிக்கும் விதி 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே இடம்பெற்றிருந்தது.

இது நாடகாசிரியரின் கற்பனையில் மட்டும் விளைந்த சிக்கல் அன்று. பாரிசு நகரத்துப் பேரறிஞர் அல்பிரட் பூர்னியே, சிபிலிசும் விவாகமும் என்னும் பொருள் பற்றி 1880ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தார். நியூயோர்க் நகரத்துத் தோல்நோய் வைத்தியர் பிரின்ஸ் மொறோ 1904ஆம் ஆண்டில் அதே பொருளை அமெரிக்க மக்கள் முன் வைத்தார். கணவனிடமிருந்து நோய்கொண்ட மனைவி வைத்தியரை நாடிவந்தால், நோயின் பெயரை அவளுக்கு மறைத்துச் சிகிச்சை செய்வதே கண்ணியமென்று அந்நாளில் வைத்தியர் பலர் கருதினர். மாதர்க்கு வரும் பொதுவான வியாதி என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிடுவர். குடும்பத்தின் அமைதியைக் காத்ததாக அவர்கள் எண்ணம். உண்மையில் காக்கப்பட்டது கணவனுடைய மானமே.

ஆகவே, இல்லத்தில் ஒருவரைப் பற்றிய நோயை மற்றவருக்கு யார் சொல்வது என்னும் வினா, பெண்ணின் சார்பில் எழுந்த வினாவாகவே முதலில் தோன்றியது. அவளுக்கு அறியும் உரிமை உண்டு என்று வாதாடியோர் சீர்திருத்தக்காரர் எனப் பெயர் பெற்றனர். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி உலகெங்கும் பரவிய காலத்தில், அதே வினா தலைகீழாகத் திரும்பி வந்தது. இப்போது செய்தியை அறிந்தவள் மனைவி, அறியாதவன் கணவன். சொல்லாவிட்டால் அவன் உயிருக்கு ஆபத்து. சொன்னால் அவள் உடலுக்கு ஆபத்து. இந்த இரண்டாம் ஆபத்தை வைத்தியத் துறையும் சட்டத் துறையும் கண்டுகொள்ள எத்துணைக் காலம் எடுத்தன என்பதே இங்கு கூறப்படும் வரலாறு.

தொற்றுநோய் கொண்டவரிடம் அவருடன் பழகியோரின் பெயர்களைக் கேட்டறிந்து, அவர்களைத் தேடிச் சென்று எச்சரிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாயிற்று. சுவீடன் தேசம் 1918ஆம் ஆண்டிலே இயற்றிய சட்டம், இலவச சிகிச்சையை ஒரு கையாலும் தொற்றின் மூலத்தைத் தேடும் கடமையை மறு கையாலும் கொடுத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறைக்கு உயிர் கொடுத்தவர் தோமஸ் பரன். 1936ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைமைச் சுகாதார வைத்தியராக நியமனம் பெற்ற அவர், அதுவரை பத்திரிகைகளும் வானொலியும் உச்சரிக்கக் கூசிய சிபிலிசு என்னும் சொல்லைப் பகிரங்கமாக உச்சரித்தார். 1938ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரசு இந்நோய்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஊர்தோறும் சுகாதார ஊழியர் வீட்டுக் கதவைத் தட்டினர். "உம்முடன் பழகிய ஒருவருக்கு இந்நோய் கண்டிருக்கிறது, நீரும் வந்து இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளும்" என்பதே அவர்கள் கொண்டுசென்ற செய்தி. அந்த ஒருவர் யார் என்பதை மட்டும் அவர்கள் சொல்லலாகாது. பெயரைக் காப்பதே இம்முறையின் அச்சாணி. 1943ஆம் ஆண்டில் பெனிசிலின் மருந்து சிபிலிசை மாற்றும் எனக் கண்டபின், அந்த ஊழியர் கெட்ட செய்தியோடு அதனைப் போக்கும் வழியையும் உடன்கொண்டு செல்ல முடிந்தது.

பெயர் கூறும் முறை யார்மேற் பாய்ந்தது என்பதை யுத்தகால பிரித்தானியா காட்டியது. 1942ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குவிதி 33B என்பதன்படி, நோயாளிகள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒருவரைத் தமக்கு நோய் தந்தவரெனக் குறிப்பிட்டால், அவரைக் கட்டாயப்படுத்திப் பரிசோதிக்கலாம். குறிப்பிட்டோரிற் பலர் போர்வீரர். குறிப்பிடப்பட்டோரிற் பெரும்பாலார் பெண்கள். இவ்விதியின் அநீதியைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தோருள் தாமே ஒரு வைத்தியராகிய எடித் சமர்ஸ்கில் அம்மையார் முன்நின்றார். யுத்தம் முடிந்து 1947ஆம் ஆண்டில் விதி நீக்கப்பட்டது. ஆனால் பெயர் சொல்லப்பட்ட பெண்ணின் வீட்டில் பின்பு என்ன நேர்ந்தது என்று அக்காலத்தில் விசாரித்தார் இலர். வீட்டுக்குள் நிகழும் அடியும் உதையும் அன்று சுகாதாரத் துறையின் கணக்கிற் சேர்ந்தவை அல்ல.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எயிட்ஸ் நோய் பற்றிய முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளியாயிற்று. 1985ஆம் ஆண்டில் கிருமித் தொற்றைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை வந்தது. பரிசோதனை வந்ததேயன்றி மருந்து வரவில்லை. நோயென்று அறிந்தவனுக்கு அந்த அறிவாற் கிடைப்பது வேலை இழப்பும் வீடு இழப்புமாக இருந்த காலம் அது. ஆதலால், பரன் காலத்து முறையை மீண்டும் கொண்டுவரச் சுகாதார அதிகாரிகள் முயன்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கொலராடோ மாநிலம் 1985ஆம் ஆண்டிலேயே தொற்றுக் கண்டோரின் பெயர்களைப் பதியச் செய்து துணைவர்களைத் தேடத் தொடங்கியது. மற்றும் பல மாநிலங்கள் தயங்கி நின்றன.

இவ்விடத்தில் வேறொரு நீரோட்டமும் வந்து கலந்தது. கலிபோர்ணியாவில் 1969ஆம் ஆண்டு ஒரு மாணவன், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப்போவதாக மனநல ஆலோசகரிடம் சொன்னான். ஆலோசகர் காவலருக்கு அறிவித்தார்; பெண்ணுக்கு எவரும் அறிவிக்கவில்லை; அவள் கொல்லப்பட்டாள். தரசோப் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1976ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை அத்தகைய ஆலோசகர்க்கு உண்டெனத் தீர்த்தது. எயிட்ஸ் வந்தபின் இத்தீர்ப்பை வைத்தியர்கள் தமக்கும் பொருத்திப் பார்த்தனர். பழைய தேடல் முறையில் நோயாளியின் சம்மதமும் அவர் பெயரின் இரகசியமும் முதன்மை பெற்றன. எச்சரிக்கும் கடமையிலோ நோயாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் செய்தி செல்லவேண்டும். யார் என்பதும் வெளிப்படலாம். இருவேறு மரபில் வந்த இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையாற் பின்வந்த வாதங்களிற் பாதி குழம்பிப்போயின.

தரசோப் வழக்கிலே காக்கப்படவேண்டியவள் ஒரு பெண் என்பதும், அவளைக் கொன்றவன் அவள்மேல் உரிமை கொண்டாடிய ஆண் என்பதும் கவனிக்கத்தக்கன. அத்தீர்ப்பின் வழிவந்த கடமையே வேறு பெண்களை அத்தகைய ஆண்களின் கையிற் கொண்டுபோய் விடக்கூடும் என்பதை முதலில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1994ஆம் ஆண்டில் நிகழ்ந்த நல்லதொரு கண்டுபிடிப்பு இந்நிலையை மேலும் கூர்மையாக்கிற்று. கர்ப்பவதியான தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் சிடோவுடின் என்னும் மருந்தைக் கொடுத்தால், 100 குழந்தைகளில் ஏறக்குறைய 25 குழந்தைகளைப் பற்றும் தொற்று 8 அளவாகக் குறையும் எனப் பரிசோதனை காட்டியது. மறு ஆண்டே, கர்ப்பவதிகள் அனைவர்க்கும் ஆலோசனை கூறி அவர்தம் விருப்பத்துடன் இரத்தத்தைச் சோதிக்கும்படி அமெரிக்க அரசு பரிந்துரைத்தது. பின்னர் மற்றைய நாடுகளும் அவ்வழியே சென்றன. இதனால் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் மற்றொரு விளைவையும் காணவேண்டும். ஆண்கள் கிளினிக்குக்குப் போவதில்லை, கர்ப்பவதிகள் போகிறார்கள். எனவே ஒரு குடும்பத்தில் கிருமி முதலிற் புகுந்தது எவர் மூலமாயினும், அது முதலிற் கண்டுபிடிக்கப்படுவது மனைவியின் இரத்தத்தில். முதலில் அறிந்தவளே முதலிற் கொண்டுவந்தவள் என்று கொள்வது கணவனுக்கு எளிது. அவன் தாய்க்கும் உடன்பிறந்தார்க்கும் அதனினும் எளிது.

அன்றியும், பெயரைக் காப்பது என்னும் பழைய அச்சாணி இங்கே கழன்று விழுகிறது. பல துணைவரோடு பழகியவனிடம் ஊழியர் சென்று, உம்முடன் பழகிய ஒருவர் என்று சொன்னால் அவன் யாரென்று ஊகித்துத் திகைப்பான். மனைவி ஒருத்தியையே அறிந்த கணவனிடம், அல்லது அவ்வாறு சொல்லிக்கொள்ளும் கணவனிடம், அதே வார்த்தையைச் சொன்னால் அவன் திகைக்கமாட்டான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே திரும்புவான்.

இதனை ஏட்டில் எழுதிக்காட்டியோருள் முக்கியமானவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியை கரென் றோதன்பேர்க். வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து அவர் 1993ஆம் ஆண்டிலே புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை ஒன்றில், துணைவர்க்கு அறிவித்தலால் பெண்களுக்கு நேரும் வன்முறை பற்றி எழுதினார். பின்பு பால்டிமோர் நகரத்தில் எச்.ஐ.வி. நோயாளருக்குப் பணிபுரியும் 136 பேரிடம் வினாவி ஆராய்ந்தார். தங்கள் பெண் நோயாளிகளுள் ஒருவரேனும் அடிபடுவோமென்று அஞ்சியதாக நூற்றுக்கு 45 பேர் கூறினர். ஒருவரேனும் சொன்னபின் உண்மையாகவே தாக்கப்பட்டதாக நூற்றுக்கு 24 பேர் கூறினர். இவை நோயாளிகளின் தொகையன்று, பணிபுரிவோர் கண்டு சொன்ன தொகை என்பதை மறக்கலாகாது. எத்தனை பெண்கள் அடிபட்டனர் என்பதை இவற்றாற் கணிக்க முடியாது. ஆனால் நாலில் ஒரு பங்கினர் கண்கூடாகக் கண்ட ஒன்றை இனி எவரும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் வலுவான சான்று பிறந்தது. வடகரோலினா மாநிலத்தில் நிகழ்ந்து 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தாமே துணைவரிடம் சொல்லவேண்டும். மற்றப் பிரிவினருக்காகச் சுகாதார ஊழியர் சொல்வர். ஊழியர் முயன்ற பிரிவில் 157 துணைவருள் 78 பேருக்குச் செய்தி சென்றது. நோயாளிகளையே நம்பி விட்ட பிரிவில் 153 பேருள் 10 பேருக்கே சென்றது. செய்தி போய்ச் சேராத 143 பேர் என்ன ஆயினர் என்று கேட்போரின் கேள்வியும் நியாயமானதே. அவர்களுள்ளும் ஒன்றுமறியாப் பெண்கள் இருந்திருப்பர். பிரியேயின் நாடகத்து மனைவியைப் போன்றோர்.

சட்டமன்றங்கள் இவ்விரு நியாயங்களையும் எவ்வாறு எடைபோட்டன என்பது விசித்திரமானது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தை ஆராய்ந்தது. விவாகமான பெண் கருக்கலைக்குமுன் கணவனுக்கு அறிவித்ததாக ஒப்பமிட வேண்டுமென்ற விதியை, இல்லத்து வன்முறையை விரிவாக எடுத்துக்காட்டி, நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. (அத்தீர்ப்பே 2022ஆம் ஆண்டில் மற்றொரு தீர்ப்பாற் கவிழ்க்கப்பட்டது.) கணவனை அஞ்சும் மனைவியர் பலர் உளர், அவர்களை மனத்திற் கொண்டே சட்டத்தை மதிப்பிடல் வேண்டும் என்பது நீதியரசர் கண்ட உண்மை. நான்கு ஆண்டு கழித்து, 1996இல், அதே நாட்டுக் காங்கிரசு எயிட்ஸ் நிவாரண நிதி பெறும் மாநிலங்கள் யாவும், தொற்றுக் கண்டவரின் வாழ்க்கைத் துணைக்கு அறிவிக்க நேர்மையான முயற்சி எடுக்கவேண்டுமென்று விதித்தது. நோய் கண்டறியப்படுமுன் பத்தாண்டுக்குள் மணவுறவு கொண்டிருந்த எவரும் அவ்விதியில் அடங்குவர். ஒத்த நிலைமைகள் அல்லவே என்று வாதிப்பார் உளர். உண்மைதான், கருக்கலைப்பிற் கணவன் உயிருக்கு ஆபத்தில்லை, இங்கே உண்டு. ஆயினும் அடிக்கும் கை ஒன்றே. பிரிந்து சென்று பல ஆண்டாகிய பெண்ணின் வாழ்விடத்தைப் பழைய கணவன் அறிய இச்செய்தியே வழியாகலாம் என்னும் எண்ணம் அவ்விதியை எழுதியோர்க்கு உதித்ததாகத் தெரியவில்லை.

அவ்வெண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது நியூயோர்க் மாநிலத்தில். அங்கே அறிவித்தற் சட்டத்துக்காகப் போராடியவர் குவீன்சு பகுதியின் பிரதிநிதி நெற்றி மேயர்சோன் அம்மையார். அவரைப் பெண்களின் துன்பம் அறியாதவர் என்று தள்ளுதல் தவறு. அம்மாநிலத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கிப் பிறந்த குழந்தைகளின் இரத்தம் எச்.ஐ.வி. உண்டோ எனச் சோதிக்கப்பட்டது. கணக்கெடுப்புக்காகப் பெயரை நீக்கிச் சோதித்தமையால், எந்தக் குழந்தைக்கு என்று தாய்க்கும் சொல்ல முடியவில்லை. தாயறியாமலே குழந்தைகள் இறந்துபோவதைக் கண்டு கொதித்த அம்மையார், முடிவைத் தாய்க்குக் கூறும் சட்டத்தை 1996இல் நிறைவேற்றச் செய்தார். மறு ஆண்டு மாநிலத்தின் மேற்கெல்லையிலுள்ள ஷற்றாக்குவா மாவட்டத்தில் ஓர் இளைஞன் பல இளம்பெண்களுக்குத் தொற்றைப் பரப்பியது வெளியாகி நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கிற்று. அந்தச் சூட்டிலே 1998ஆம் ஆண்டில் துணைவர்க்கு அறிவிக்கும் சட்டம் நிறைவேறியது.

பெண்கள் அமைப்புகளும் எயிட்ஸ் சங்கங்களும் அதனை எதிர்த்தன. இழுபறியின் முடிவில் அச்சட்டத்தில் ஓர் ஏற்பாடு நுழைந்தது: எந்தத் துணைவருக்கும் செய்தி அனுப்புமுன், அத்துணைவரால் நோயாளிக்கு இல்லத்து வன்முறை நேருமோ என்று ஆராய்வதற்கு மாநிலச் சுகாதார ஆணையாளர் ஒழுங்குமுறை வகுக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வைத்தியரும் ஆலோசகரும் ஒவ்வொரு துணைவர் பெயருக்கும் தனித்தனியே அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவராயினர். இவர் உம்மை எப்போதாவது அடித்ததுண்டா? இச்செய்தி சென்றால் உமக்கோ உம் பிள்ளைகளுக்கோ தீங்கு வருமென அஞ்சுகிறீரா? ஆம் என்ற விடை வந்தால் அறிவித்தல் ஒத்திவைக்கப்படலாம். பெண்ணுக்கு அடைக்கலம் தரும் சேவைகளுக்கு வழிகாட்டவேண்டும். துணைவர் பெயரைச் சொல்ல மறுத்த நோயாளிக்குத் தண்டனை இல்லை. பரன் காலத்து ஊழியர் கதவைத் தட்டிய நாள் தொட்டு ஏறக்குறைய அறுபது ஆண்டு சென்றபின், கதவுக்கு அப்பால் யார் நிற்கிறார் என்று கேட்கும் விதி இவ்வாறு எழுத்தில் ஏறியது.

அமெரிக்காவில் இல்லத்து வன்முறையிலிருந்து தப்பியோர்க்குப் புகலிடங்கள் இருந்தன. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவற்றுக்கு நிதியும் இருந்தது. ஆபிரிக்காவிலோ பெண்களுக்கு நிலைமை வேறு. கென்யாவின் நைரோபி நகரில் கர்ப்பவதிகளிடம் நடத்திய ஆராய்ச்சி பற்றி 1995ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, அறியாதிருக்கும் உரிமை என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது. அதில் வரும் செய்தி நெஞ்சை உறுத்துவது. பரிசோதனை முடிவைக் கணவனிடம் கூறிய பெண்களுட் சிலர் வீட்டினின்றும் துரத்தப்பட்டனர், அல்லது அவர்கள் இருந்த இடத்திற்கு வேறொரு மனைவி வந்தாள். சிலர் அடிக்கப்பட்டனர். ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்கு வந்ததனாலன்றோ அவர்கள் அறிந்தனர்! வைத்தியர்கள் தம்மையே நோக்கிக் கேட்ட கேள்வி அத்தலைப்பில் இருந்தது.

வானொலியோடு தொடர்புடைய ஒரு துயரமும் இங்கே குறிக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள், உலக எயிட்ஸ் தினத்தன்று, தென்னாபிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த குவாமாசு என்னும் ஊரைச் சேர்ந்த குகு டிலாமினி என்ற பெண், தமக்கு எச்.ஐ.வி. உண்டு என்பதைச் சூலு மொழி வானொலியில் வெளிப்படையாகக் கூறினார். அம்மாதத்திலேயே அயலவர் கூட்டம் ஒன்று அவரை அடித்துக் கொன்றது. கொன்றவன் கணவன் அல்லன். எனினும், ஊரே அவ்வாறு நடக்கும் இடத்தில் தனி வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பெண்கள் கணக்கிட்டுக்கொண்டனர்.

தன்சானியாவின் தார் எஸ் சலாம் நகரப் பரிசோதனை நிலையமொன்றில் சூசன் மாமனும் அவருடன் பணிசெய்தோரும் நடத்திய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. வன்முறைக்கும் தொற்றுக்குமுள்ள உறவை அது மறுபுறத்திலிருந்து காட்டியது. முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுள், தொற்றுடையோர் துணைவரால் வன்முறைக்கு ஆளானதாகக் கூறுவதற்கான வாய்ப்பு, தொற்றில்லாதோரைவிடப் பத்து மடங்காக இருந்தது. அதாவது, செய்தியை எடுத்துச் செல்லவேண்டியவளாக நாம் நிறுத்தும் பெண், செய்தி தோன்றுமுன்னரே அடிபட்டவளாக இருத்தல் கூடும். அடிக்கும் ஒருவனிடம் காப்புறை அணியும்படி கேட்க முடியாதவளே தொற்றுக்கும் ஆளாகிறாள்; பின்பு அதைப் பற்றி அவனிடமே அவள் சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், சொல்லாமலே விடுதல் நன்று என்று முடிவு செய்தல் ஆகாது. வளர்முக நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார தாபனத்தின் சஞ்சிகை 2004இல் வெளியிட்ட கட்டுரையின்படி, துணைவரிடம் கூறிய பெண்களுள் வன்முறையைச் சந்தித்தோர் ஆய்வுக்கு ஆய்வு நூற்றுக்கு 3.5 முதல் 14.6 வரை ஆவர். பெரும்பாலோர் ஆதரவே பெற்றனர். கணவனிடம் மறைத்த பெண் மாத்திரையையும் மறைக்கவேண்டும். கிளினிக் நாளுக்கும் பொய் சொல்லவேண்டும். மேலும் 1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை உயிர்க்கொல்லி என்னும் நிலையிலிருந்து மாற்றிவிட்டது. இன்று ஒழுங்காக மருந்துண்டு இரத்தத்திற் கிருமி காணமுடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்றுப் பரவுவதில்லை. ஆதலால், கணவனுக்குச் செல்லும் செய்தி 1985ஆம் ஆண்டிற் போல மரண ஓலையாக இராமல், பெனிசிலின் காலத்திற் போல மருந்தோடு செல்கிறது. பெரும்பாலோர்க்கு நன்மை என்பதைக் காட்டிச் சிறுபாலோரின் முகத்தை மறந்துவிடுதலே இதிலுள்ள அபாயம். நூற்றில் நான்கு என்பது கணக்காளருக்குச் சிறு தொகை. அந்த நால்வருள் ஒருத்திக்கு அது நூற்றுக்கு நூறு.

2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உலக சுகாதார தாபனம், பயிற்சி பெற்ற ஊழியர் உதவியுடன் துணைவர்க்கு அறிவிக்கும் சேவையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. அது விருப்பத்தின்பேரில் மட்டுமே நிகழவேண்டும் என்பதை வலியுறுத்தியது. அதற்கு ஆதாரமான ஆய்வுகளுள் கென்யாவில் 18 நிலையங்களில் நடைபெற்றதும் ஒன்று. தீங்கு மிகக் குறைவு என்பது அதன் முடிவு. ஆனால் அண்மையில் துணைவரால் துன்புறுத்தப்பட்டோரை அவ்வாய்விற் சேர்க்கவில்லை என்பதையும் உடன் கருதவேண்டும். கேள்வியைக் கேட்டு, ஆபத்துள்ளோரை விலக்கிப் பெற்ற முடிவு அது. கேள்வியைக் கேளாத இடத்திற்கு அம்முடிவு பொருந்தாது.

அவ்வாறு கேளாத இடங்களும் தோன்றின. அமெரிக்க நிதியுதவியுடன் ஆபிரிக்க நாடுகளில் இச்சேவை விரைந்து பரவியபோது, இத்தனை நோயாளரிடமிருந்து இத்தனை பெயர் என்று இலக்குகள் வகுக்கப்பட்டன. இலக்கு வந்த இடத்திற் கேள்வி அவசரமாகக் கேட்கப்படும், அல்லது கேட்கப்படாமலே படிவம் நிரப்பப்படும். பள்ளிக்கூட வரவுப் பதிவேடு தொட்டு எத்துறையிலும் இது கண்ட உண்மை. பெயர் சொல்லாவிட்டால் மருந்து கிடைக்காது எனத் தாம் மிரட்டப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டனர். தொற்றுடன் வாழும் பெண்களின் சங்கங்கள் அம்முறைப்பாடுகளைத் திரட்டி வெளியிட்டன. அதன்பின் 2020ஆம் ஆண்டளவில், வன்முறை பற்றி விசாரியாத, நேர்ந்த தீங்குகளைப் பதிவு செய்யாத நிலையங்கள் இச்சேவையை நடத்தலாகாது என்னும் நிபந்தனை அந்நிதியுதவித் திட்டத்திற் சேர்க்கப்பட்டது.

கேள்வியைக் கேட்பதும் ஒரு கலைதான். கணவன் வாயிற்புறத்திற் காத்திருக்க, மாமியார் அருகில் அமர்ந்திருக்கக் கேட்டாற் பயனில்லை. அவள் ஆம் என்று சொன்னபின் செய்யத்தக்கன பல உண்டு. அந்தத் துணைவருக்கு மட்டும் செய்தியை நிறுத்திவைக்கலாம். ஆலோசகர் முன்னிலையில் இருவரும் ஒருங்கே பரிசோதித்துக்கொள்ளும்படி செய்து, முதலில் அறிந்தவள் இவள் என்ற பழி எழாமற் காக்கலாம். அவள் தாய்வீடு சென்று சேர்ந்தபின் சொல்ல ஏற்பாடு செய்யலாம். இவற்றுள் எது தகும் என்பதை அக்கணவனோடு வாழ்ந்தவளே அறிவாள், வைத்தியர் அறியார்.

இலங்கையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் 1987ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுச் செல்வதை ஒழித்த நாடென்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பவதிகளின் இரத்தத்தை நாடெங்கும் சோதித்ததனாற் கிடைத்த பேறு அது. தொற்று அரிதான இந்நாட்டிலும் கர்ப்பவதிகளே பெருந்தொகையாகப் பரிசோதிக்கப்படுவதால், வீட்டில் முதலில் அறியநேர்வது மனைவியாக இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். நீதிமன்றம் வரை செல்லத் துணியாத பெண்ணுக்காக, அரசினர் வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்னும் பெயரால் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வேறு வியாதிக்கு மருந்து வாங்க வந்தவள்போல அங்கே சென்று, கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.